வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் முடிந்து கிளம்பும்போது முறையாக விடைபெறுவது எப்படி?

வேளச்சேரி மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் இயந்திரப் பொறியியலில் முதுநிலை படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் முதல் வாரம் வரை ஜெர்மனியின் ஆஹன் நகரில் ஒரு குளிர்கால செமஸ்டர் படித்துவிட்டு வந்தேன். பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் ஒட்டிய எல்லையோர ஊர் அது. படிப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் கிளம்பி வந்த விதத்தில் பெரிய குறை இருந்திருக்கிறது என்பதைப் போன வாரம் வந்த ஒரு மின்னஞ்சல் எனக்குக் காட்டியது. அதைச் சொல்லி, அனுபவமுள்ளவர்களிடம் வழி கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் தங்கியிருந்த மாணவர் விடுதிக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தார். அங்கே அவரை ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள். அறுபது வயதை நெருங்கியவர், ஆங்கிலம் பேசமாட்டார். நுங்கம்பாக்கம் மேக்ஸ்முல்லர் பவனில் ஏ2 நிலை வரை படித்திருந்த என் ஜெர்மனுக்கும் அவர் பேசிய ஜெர்மனுக்கும் சம்பந்தமே இல்லை என்று முதல் மாதம் தோன்றியது. நவம்பரில் ஒரு மாலை என் பழைய சைக்கிளின் சங்கிலி கழன்றுவிட்டது. மழையில் தள்ளிக்கொண்டு வந்த என்னைப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை வாங்கிக் கீழ்த்தளத்தில் இருந்த தம் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தலைகீழாக நிறுத்தினார். சங்கிலியை அவரே மாட்டிவிடவில்லை. என் கையைப் பிடித்துப் பின்னால் இருந்த சிறிய சக்கரத்தை முன்பக்கம் தள்ளவைத்து, சங்கிலி தொய்ந்ததும் பல் பல்லாக ஏற்றச் சொன்னார். நான் அவசரப்பட்டபோதெல்லாம் ‘லாங்ஸாம்’ என்றார். மெதுவாக என்று பொருள். அன்றிலிருந்து படிக்கட்டில் எங்கே பார்த்துக்கொண்டாலும் வணக்கத்துக்குப் பதிலாக அந்தச் சொல்லைத்தான் நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்வோம்.

கடைசி வாரம் எப்படிப் போகும் என்பதை அங்கே படித்தவர்கள் அறிவார்கள். ஜெர்மனியை விட்டு ஒரேயடியாகக் கிளம்புகிறவர் நகராட்சி அலுவலகத்தில் தம் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். வெளியேறும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அதைச் செய்ய விடுவார்கள். மாதம் 18.36 யூரோ வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தை நிறுத்துவது போன்ற பல வேலைகளுக்கு அந்தச் சான்றைக் கேட்பார்கள். ஆகவே எல்லாம் அந்த ஏழு நாட்களுக்குள் வந்து குவிந்தன. அறையை ஒப்படைப்பதற்காக அடுப்பின் கறையைச் சுரண்டினேன். மூலையில் சேர்ந்திருந்த தண்ணீர் பாட்டில்களை இரண்டு பெரிய பைகளில் கட்டித் தூக்கிக்கொண்டு போய், கடையில் இருக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, பாட்டிலுக்கு 25 சென்ட் வீதம் முன்பணத்தைத் திரும்ப வாங்கினேன். அறைச் சாவி, தபால்பெட்டிச் சாவி, முன்வாசல் சாவி மூன்றையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்திட்டேன்.

அது கார்னிவல் திருவிழா வாரம் என்பதால் பராமரிப்பாளர் விடுப்பில் இருந்தார். அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்து அறையைப் பார்வையிட்டார். பராமரிப்பாளர் விடுப்பில் போகப்போகிறார் என்ற தகவல் பத்து நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் இருந்தது. என் அறையிலிருந்து இரண்டு மாடி இறங்கினால் பட்டறை. நான் இறங்கிப் போகவில்லை. பிராங்பர்ட் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் நன்றி, தொடர்பில் இருப்போம் என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி அனுப்பினேன். அவர் அந்தக் குழுவில் இல்லை.

போன வாரம் வந்தது அவருடைய மின்னஞ்சல்தான். கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களில் சிவப்பு அட்டை கட்டி, குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அப்புறப்படுத்திவிடுவார்கள். என் சைக்கிளிலும் அட்டை கட்டியிருக்கிறார்கள். அவர் அதை அவிழ்த்துவிட்டுச் சைக்கிளைத் தம் பட்டறையில் வைத்திருக்கிறாராம். என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லாமல் போனதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இன்னும் பதில் எழுதவில்லை.

என் கேள்விகள் இவை. அங்கே நமக்குப் பழக்கமானவர்களில் யார் யாரிடம் விடைபெற வேண்டும், அதை எப்போது தொடங்க வேண்டும்? ஒருமுறை தவறவிட்ட விடையைப் பிறகு பெற முடியுமா?

கிழக்குத் தாம்பரத்து அம்மா எழுதியது:

தம்பி, நான் வழியனுப்பும் பக்கத்தில் நின்றவள் என்பதால் அங்கிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் இருக்கும் கிறித்தவக் கல்லூரி 1837-இல் தொடங்கி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய பழைய கல்லூரி. வெளிநாட்டு மாணவர்கள் ஒரு செமஸ்டர் படிக்க அங்கே வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஓர் அமெரிக்கப் பெண், ஜூலையிலிருந்து நவம்பர் இறுதி வரை எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். கிளம்புவதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் ஒரு பட்டியல் எழுதினாள். வகுப்புத் தோழிகளும் பேராசிரியர்களும் இருப்பார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவர்கள் இருந்தார்கள், ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள். இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, ஆவின் பூத்தில் இருக்கும் பெரியவர், எதிர்வீட்டு இரண்டாம் வகுப்புப் பையன் என்று மொத்தம் பதினான்கு பேர். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாள்.

இஸ்திரி வண்டிக்காரரிடம் அவள் போனபோது நானும் உடன் இருந்தேன். 32 ரூபாய் பாக்கி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் சட்டைக் காலரின்மேல் பெட்டியை ஓட்டிக்கொண்டே, நாளைக்குத் துணி உண்டா என்று கேட்டார். நாளைக்கு இல்லை, ஊருக்குப் போகிறேன், உங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தேன் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அவர் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். ‘அப்படியாம்மா, நல்லபடியா போய்ட்டு வா’ என்றார். பதினைந்து வருடமாக அவரிடம் துணி கொடுக்கிறேன். பெட்டியைக் கையிலிருந்து வைத்துவிட்டு அவர் ஒருவரிடம் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

பூக்காரம்மாவிடம் போன நாளன்று நல்ல மழை. தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர், இரண்டு முழம் மல்லிகையை அளந்து, அளந்த பிறகு இன்னும் ஒரு சாண் விட்டுக் கிள்ளிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் எவ்வளவோ வற்புறுத்தியும் கேட்கவில்லை.

உங்கள் பராமரிப்பாளர் இந்தப் பட்டியலில் வரவேண்டியவர், தம்பி. கடைசி வாரத்தில் நினைவு வராமல் போனதற்கு உங்கள் மனம் கல் என்பது காரணமில்லை. கையில் பட்டியல் இல்லை, அவ்வளவுதான்.

திருவான்மியூர் கடற்காற்று எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சிங்கப்பூரில் ஒரு செமஸ்டர் படித்தவன். அங்கே பாடம் நடப்பது 13 வாரங்கள்; நடுவில் ஒரு வார இடைவெளி, பிறகு படிப்பதற்கு ஒரு வாரம், அதன் பின் தேர்வுகள். நான்கு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நம் ஊரிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகையிலும் தமிழ். ஜெர்மனிக்குப் போன தம்பி உணர்ந்த தூரத்தை நான் உணரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பரிமாற்ற மாணவர்களுக்குத் துணையாக அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரை நியமித்திருந்தார்கள். எனக்குத் துணையாக வந்தவர் மூன்றாம் ஆண்டு மாணவர். கடைசி வாரத்தில் அவருக்கு ஒரு விருந்து வைக்கலாம் என்று நாங்கள் ஐந்து பேர் திட்டமிட்டபோது, வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார். ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு குழு வருகிறது, நெருங்கிப் பழகுகிறது, அழுது விடைபெறுகிறது, போய்விடுகிறது. நான் மறுநாள் அதே உணவுக்கூடத்தில் தனியாகச் சாப்பிட உட்காருகிறேன் என்று சொன்னார். போகிறவனுக்கு அந்தப் பிரிவு ஒரு முறை. இருக்கிறவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நம் மனம் நிறைவதற்காக இன்னொருவரை நான்காவது முறையாக, ஐந்தாவது முறையாக அழவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. நாம் போய் வருகிறேன் என்கிறோம். திரும்பி வரப்போவதில்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். நான் அப்படிச் சொல்லத் தயங்கினேன். அமைதியாகக் கிளம்பி வந்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

கிழக்குத் தாம்பரத்து அம்மா எழுதியது:

அதே கேள்வியை அந்த அமெரிக்கப் பெண்ணும் என்னிடம் கேட்டாள். போய் வருகிறேன் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தபோது, நான் மறுபடி வருவேனா என்பது எனக்கே தெரியாது, பெரியவர்களிடம் பொய் சொல்லலாமா என்றாள். எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவர்கூடப் போகிறேன் என்று சொல்லமாட்டார். சொன்னால் என் மாமியார் வாசலில் நிறுத்தி, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவைத்த பிறகே அனுப்புவார். அதை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு நாள் குறித்துக் காத்திருப்பதில்லை. நீ திரும்பி வந்தால் இந்த வாசல் திறந்திருக்கும் என்பதை வீட்டிலிருப்பவர் சொல்வதற்கு முன்பாகவே, அது எனக்குத் தெரியும் என்று போகிறவர் சொல்லிவிடுகிறார். அவளிடம் இப்படித்தான் விளக்கினேன். அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை.

விருந்து வேண்டாம் என்று சொன்ன அந்த மாணவரின் வருத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அடையாறு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

நகரின் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் பரிமாற்ற மாணவர்களின் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

விடை என்ற சொல்லுக்கு நாம் பள்ளியில் கற்ற பொருள் பதில் என்பது. அனுமதி என்ற பொருளும் அதற்கு உண்டு. விடைபெறுதல் என்றால், நான் போகலாமா என்று கேட்டு, போகலாம் என்ற இசைவைப் பெறுவது. என் தாத்தா உறவினர் வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்’ என்பார், அதுவும் இதுவே. ஒருவர் தனியாக விடைபெற முடியாது. கொடுப்பதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். கம்பராமாயணத்து யுத்த காண்டத்தின் கடைசிப் பகுதிக்கு விடை கொடுத்த படலம் என்றே பெயர். போர் முடிந்து, முடிசூட்டும் முடிந்த பிறகு, சுக்கிரீவன், வீடணன், குகன் முதலானவர்களுக்கு இராமன் தனித்தனியே பரிசளித்து விடைகொடுத்து அனுப்புகிறான். சபையில் நின்று எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொல்லி முடித்திருக்கலாம். கம்பர் அப்படி முடிக்கவில்லை. தம்பி விமான நிலையத்திலிருந்து குழுவுக்கு அனுப்பியது ஓர் அறிவிப்பு. அதில் தவறில்லை, ஆனால் அதில் அவர் யாரிடமும் எதையும் பெறவில்லை.

இந்தப் பொருளில் பார்த்தால் திருவான்மியூர் அன்பர் சொன்ன நிகழ்ச்சியும் முறையான விடைபெறுதலே. விருந்து வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னார். நீங்கள் அதற்குக் கட்டுப்பட்டீர்கள். எப்படி விடைதருவது என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருடையது. நீங்கள் சொல்லாமல் வந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

திரும்பி வந்தபின் ஏற்படும் மனநிலை பற்றிய ஆய்வுகள் பழமையானவை. 1955-இல் நார்வே நாட்டு ஸ்வெர்ரே லைஸ்கார், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வே உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து, வெளிநாட்டுக்குப் போனவரின் மனம் முதலில் உற்சாகத்தில் இருந்து, நடுவில் தாழ்ந்து, பிறகு நிமிர்கிறது என்று எழுதினார். 1963-இல் கல்லஹார்ன் இணையர், ஊர் திரும்பிய பிறகும் அதே தாழ்வும் நிமிர்வும் இன்னொரு முறை நிகழ்கின்றன என்று அதை நீட்டினார்கள். என் மாணவர்களிடம் நானும் இதைக் கண்டிருக்கிறேன். வீட்டுச் சாப்பாடு, உறவினர் வருகை என்று முதல் இரண்டு வாரங்கள் கழியும். பிறகு ஒரு நாள் கல்லூரி உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தன்னோடு அந்த ஆறு மாதத்தை வாழ்ந்தவர் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை என்பது உறைக்கும். சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவருக்கும் அந்தத் துயரம் உண்டு. ஆனால் அவரால் எழுத முடியும். சொல்லாமல் வந்தவருக்கு முதல் வரி எழுதவே கை வராது. தம்பி ஒரு வாரமாகப் பதில் எழுதாமல் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். அலுவலக வேலைகளைக் கடைசி ஏழு நாட்களுக்கு முன்னால் நகர்த்த முடியாது என்றால், மனிதர்களை முன்னால் நகர்த்துங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். பாடம் நடத்திய ஆசிரியருக்கு மட்டும் மதிப்பெண் வெளியான பிறகு எழுதுங்கள்; அதற்கு முன் பரிசுப் பொருளோடு போய் நிற்பது அவருக்குச் சங்கடம். பரிசு சிறியதாக இருக்கட்டும்; பெரியதாக இருந்தால் அதற்கு ஈடு செய்ய வேண்டுமே என்ற கவலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

நானே 1980-களில் ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்தவன். கிண்டி ஐஐடி 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டதால் எங்கள் தலைமுறைப் பொறியாளர்களுக்கு அந்நாட்டோடு நெருக்கம் அதிகம். நான் தங்கிய வீட்டு அம்மையாரிடம் முறையாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஏரோகிராம் என்னும் விமானத் தபால் தாளில் எழுதினேன், அவரும் எழுதினார். மூன்றாவது கடிதத்தோடு நின்றுவிட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நீலத் தாள்கள் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. கடைசிக் கடிதத்தில் தம் தோட்டத்து ஆப்பிள் மரத்தை வெட்டவேண்டி வந்ததைப் பற்றி ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்த மனிதர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நீங்கள் அவருக்குத் தரவேண்டிய விடையும் அவரிடம் பெறவேண்டிய விடையும் ஒரே கடிதத்தில் போகலாம். ஜெர்மனிலேயே எழுதுங்கள். யாரிடமும் கொடுத்துத் திருத்த வேண்டாம், பிழையோடு இருக்கட்டும்.

மயிலாப்பூர் மாணவி, செண்டாயிலிருந்து எழுதியது:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். இன்று ஜூலை 22. ஆகஸ்ட் 10 அன்று நான் ஜப்பானிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறேன். சரியாகப் பத்தொன்பது நாட்கள் இருக்கின்றன. இந்த இழையை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன்.

இங்கே ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். எங்கள் ஆய்வகத்தில் பதினோரு பேர்; ஏப்ரலிலிருந்து அவர்களோடுதான் மதிய உணவு, மாலைத் தேநீர் எல்லாம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எனக்காக ஒரு பிரிவு விருந்து ஏற்பாடு செய்கிறார்கள் என்று தெரிகிறது. அதில் நான் பேசவேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் மனத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் பேசினால் எங்கள் செயலாளர் அம்மாவுக்குப் புரியாது. நான் வந்த முதல் வாரத்தில் வட்டார அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், முகவரிப் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதவேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டியவர் அவர்தான்.

ஆகஸ்ட் 6 முதல் 8 வரை இங்கே தனபாத்தா விழா. கடைவீதி முழுவதும் மூங்கிலில் காகிதத் தோரணங்கள் தொங்கும். சிறிய தாளில் வேண்டுதலை எழுதிக் கட்டுவார்கள். அலுவலக வேலைகளை அதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதே நாட்டில் படித்துத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

அண்ணா நகர், முன்னாள் கியோட்டோ மாணவி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். முதலில் அலுவலகங்களைச் சொல்லிவிடுகிறேன். வட்டார அலுவலகத்தில் வெளியேறுவதைப் பதிவு செய்ய இரண்டு வாரங்களுக்கு முன்பே போகலாம். காப்பீட்டையும் அன்றே முடித்துவிடுங்கள். மெத்தை, மேசை போன்ற பெரிய பொருட்களைக் குப்பையில் போட முன்பதிவு வேண்டும். அதை இன்றே செய்யுங்கள். நான் தாமதித்து, ஒரு நாற்காலியை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தேன்.

விமான நிலையத்தில் நடக்கும் ஒன்றுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். குடிநுழைவுச் சாளரத்தில் உங்கள் வசிப்பிட அட்டையை வாங்கி, அதில் துளையிட்டு, உங்களிடமே திருப்பித் தருவார்கள். ஐந்து மாதம் பணப்பையில் வைத்திருந்த அட்டை. எனக்கு அதுவரை வராத அழுகை அந்தச் சாளரத்தில்தான் வந்தது.

பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘ஒசேவா நி நாரிமஷித்தா’ என்ற தொடரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் பராமரிப்பில் இருந்தேன் என்று நன்றியோடு சொல்வது. அதை மேடையில் ஒரு முறையும், பிறகு பதினோரு பேரிடமும் செயலாளர் அம்மாவிடமும் தனித்தனியே ஒரு முறையும் சொல்லுங்கள். சயோனாரா என்ற சொல்லை அவர்கள் அன்றாடம் பயன்படுத்துவதில்லை. நெடும் பிரிவின் கனம் அதற்கு உண்டு. தனித்தனித் தாளில் சுற்றிய தின்பண்டத்தை ஆளுக்கொன்றாகக் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால், வீட்டிலிருந்து கடலைமிட்டாய் வரவழைக்க முடிந்தால் பொருத்தமாக இருக்கும்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ரயில் நிலையத்துக்கு என் பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் வந்திருந்தார்கள். டிக்கெட் வாயிலைக் கடந்ததும் கைப்பேசியில் நடைமேடை எண்ணைத் தேடிக்கொண்டே நேராக நடந்துவிட்டேன். படிக்கட்டின் திருப்பத்தில் தற்செயலாகத் திரும்பியபோது மூன்று பேரும் அதே இடத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். போகிறவர் கண்ணிலிருந்து மறையும்வரை நின்று அனுப்புவது அங்கத்திய பழக்கம். அதுவரை நான் திரும்பிப் பார்க்காததை அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். நம் மீனம்பாக்கத்திலும் பயணச்சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடாததால், கண்ணாடிக்கு வெளியே நின்று அம்மாவும் அப்பாவும் நம் பெட்டி தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்ப்பார்களே, அதே நிற்றல்தான். திரும்பிப் பாருங்கள், தங்கையே. இரண்டு மூன்று முறை பாருங்கள்.

திருவான்மியூர் கடற்காற்று எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தேன். என் கருத்து முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இருக்கிறவரின் சோர்வைப் போகிறவர் நினைக்க வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் நான் அவரிடம் கேட்டேன், அவர் பதில் சொன்னார் என்பதை இப்படிப் பார்த்ததில்லை. அந்த மாணவர் இப்போது சிங்கப்பூரிலேயே வேலை செய்கிறார். இன்று அவருக்கு எழுதினேன்.

வேளச்சேரி மாணவன் எழுதியது:

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் நன்றி.

ஆசிரியர் ஐயா சொன்னபடி ஜெர்மனில் ஒரு பக்கம் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. விடுப்புக்கு முன்பே பட்டறைக்கு இறங்கி வந்து சொல்லியிருக்க வேண்டும், வரவில்லை, அதற்காக வருந்துகிறேன் என்பதை முதல் வரியில் வைத்தேன். சைக்கிளை அக்டோபரில் வரப்போகும் யாராவது ஒரு மாணவருக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் சங்கிலியை எப்படி ஏற்றுவது என்பதை அவருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று எழுதினேன். இப்போது உங்கள் உத்தரவு வேண்டும் என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி ஜெர்மனில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதை எடுக்கவில்லை. கையால் எழுதியதைப் படமெடுத்து அன்றே அனுப்பிவிட்டு, தாளைத் தபாலிலும் சேர்த்தேன்.

நான்கு நாட்களில் பதில் வந்தது. ஐந்தே வரி. கடிதம் கிடைத்தது. மேல்மாடிக்கு அக்டோபரில் ஒரு மாணவி வருகிறார், அவருக்குக் கொடுக்கிறேன். ஆனால் பின்சக்கரப் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. தூக்கிக்கொண்டுதான் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். சாவி உன்னிடம் இருந்தால் அனுப்பு, இல்லையென்றால் அறுத்துவிடுகிறேன். ஐந்தாவது வரியில் லாங்ஸாம் என்று மட்டும் இருந்தது.

அன்று மூன்று சாவிகளை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்திட்டேன் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன் அல்லவா? நான்காவது சாவி எங்கே என்று இரண்டு நாட்கள் வீட்டைப் புரட்டினேன். அங்கே வாங்கிய மழைச்சட்டையை அம்மா துவைத்து மடித்துப் பரணில் வைத்திருந்தார். அதன் உள்பையில் இருந்தது. சங்கிலி எண்ணெயின் கறுப்பு இன்னும் அதன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்தது.

இன்று காலை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்துக்குப் போய் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பும்போது நிரப்பவேண்டிய சுங்கப் படிவத்தை நீட்டிய அலுவலர், உள்ளே என்ன இருக்கிறது, அதன் மதிப்பு எவ்வளவு என்று கேட்டார். சைக்கிள் சாவி, பழையது, ஒன்று என்று எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் படிவத்தைத் தம் பக்கம் திருப்பி, ஐம்பது ரூபாய் என்று போட்டுக்கொள்ளட்டுமா தம்பி என்று கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் சார் என்றேன்.